ஆச்சியின்ர குரல் சாய்வெழுத்தில இருந்தது

'ஃபொன்ற் மிஸ்ஸிங்' என்று ஒரு பெட்டி வரும். இன்டிசைனில பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்த எல்லாருக்கும் அந்தப் பெட்டியைத் தெரியும். அவசரத்தில இருக்கிறவர் அதில என்ன எழுதியிருக்கென்று வாசிக்கமாட்டார். கையில இருக்கிற ஃபொன்றைத் தெரிவு செய்து, எல்லாத்தையும் மாற்று என்று அமத்திவிடுவார். பெட்டி போயிடும், பக்கம் வடிவா வந்திடும். போன வருசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், வவுனியா நகரத்தில ஒரு கடையில, எங்கட கண்ணுக்கு முன்னாலேயே அப்பிடி ஒருக்கா அமத்தினது நடந்தது. நாங்களும் கதிரைக்குப் பின்னால நிண்டு "ஓம் அண்ணா, இப்ப சரி" என்றுதான் சொன்னம். அந்த ஒரு அமத்தலில நாலு அத்தியாயத்தில ஆர் பேசுகினம் என்ற விசயமே அழிஞ்சு போச்சுது. அது எங்களுக்கு விளங்க மூன்று கிழமை எடுத்தது.

கடைக்கார அண்ணாவைத் திட்டுறதுக்கு இதை எழுதேல்லை. அவருக்கு அண்டைக்கு வெளியில நாலு பேர் காத்துக்கொண்டு நிண்டவை: ஒரு கலியாண அழைப்பிதழ், ஒரு அந்தியேட்டி மலர், ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ், இன்னுமொன்று. திட்ட வேண்டியது வேற ஒரு எண்ணத்தை. "எழுத்து அப்பிடியே இருக்குத்தானே, வடிவம் போனால் என்ன?" என்ற எண்ணம். கடையில, கந்தோரில, கலைப்பீடத்தில, எங்கட சொந்த மண்டைக்குள்ள எல்லாம் அது குந்திக்கொண்டிருக்கு.

முதலில புத்தகத்தைச் சொல்லுறம். நெடுங்கேணிப் பக்கத்தில ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தவர். குடும்பத்தின்ர விருப்பப்படி பெயர் போடேல்லை. 2002 இல யுத்தநிறுத்தம் வந்து கொஞ்சம் திரியக்கூடியதா இருந்த காலத்தில, அவர் சைக்கிளில ஊர் ஊராப் போய் வயசான ஆக்களிட்ட பாட்டும் கதையும் கேட்டு எழுதினார். அரிவிவெட்டுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, குளக்கட்டு உடைஞ்ச கதை, பாம்புக்கடிக்குப் பார்வை பார்த்த கதை. 2004 இல வவுனியாவில அதைப் பேஜ்மேக்கரில, பாமினி எழுத்துருவில போட்டு முந்நூறு பிரதி அடிச்சார். ஒன்பது அத்தியாயம். இண்டைக்குக் குடும்பத்திட்ட மிஞ்சியிருக்கிறது ஒரேயொரு பிரதி, அதுவும் ஐந்தாம் அத்தியாயத்தோட முடியுது. மிச்சத் தாள்கள் 2009 இல எந்த வீதியில, எந்தக் கூடாரத்தில போனதென்று ஆருக்கும் தெரியாது. புத்தகத்தை விட ஒரு சீடி மட்டும் தப்பி வந்திருந்தது. பிளாஸ்ரிக் கூட்டுக்குள்ள, நீல மை பேனையால பெயர் எழுதின சீடி. அதுக்குள்ள ஒன்பது பீஎம்டி கோப்பு.

ஆசிரியர் ஒரு நுட்பம் வைச்சிருந்தார். பாட்டுகள் உள்தள்ளி இருக்கும். அந்த ஆச்சிமாரும் அப்புமாரும் தங்கட வாயால சொன்னது எல்லாம் சாய்வெழுத்து. அவர் தானாகச் சொல்லுற விளக்கம் நேரெழுத்து. மேற்கோள்குறி கிடையாது. ஆச்சி ஒருவசனம் சொல்லுவா, அதே பந்தியில அவர் ஒருவசனம் சேர்ப்பார், பேந்து ஆச்சி. அச்சுப்பிரதியில வாசிக்கேக்க ஒரு குழப்பமும் இல்லை. கண் தானாகப் பிரிச்சுக்கொள்ளும். இரண்டு பேர் திண்ணையில இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும்.

இப்ப அந்தச் சாய்வை எடுத்துவிடுங்கோ. "அந்த வருசம் ஒருத்தரும் விதைக்கேல்லை" என்று ஒரு வரி. ஆச்சி சொன்னது என்றால் அது சாட்சி, அந்த வயலில நிண்ட மனிசி சொன்னது. ஆசிரியர் சொன்னது என்றால் அது பிறகு ஒருவர் யோசிச்சுச் சொன்ன கருத்து. எழுத்து ஒன்றும் மாறேல்லை, ஒரு புள்ளிகூட விழேல்லை. ஆனால் வரி ஆருடையது என்று தெரியேல்லை. கலைப்பீடத்தில எங்களுக்கு வாய்மொழி வரலாறு என்று ஒரு பாடமே படிப்பிக்கினம், ஆதாரத்தை ஆர் சொன்னது என்று கேள் என்று. அப்பிடிப் படிச்ச நாங்கள்தான் அந்தக் கதிரைக்குப் பின்னால நிண்டனாங்கள்.

நடந்தது என்னவென்று கொஞ்சம் விளக்கமாச் சொல்ல வேணும், ஏனென்றால் இது உங்கட வீட்டுக் கோப்பிலயும் நடக்கும்.

பேஜ்மேக்கர் என்பது 1985 இல வந்த மென்பொருள். முதலில ஆல்டஸ் கொம்பனியின்ரது, 1994 இல அடோபிட்ட போனது. 2001 இல வந்த ஏழாம் பதிப்புத்தான் கடைசி. 2004 இல அடோப் இனி இதை வளர்க்கமாட்டம் என்று சொல்லிவிட்டுது. அதாவது எங்கட ஆசிரியர் புத்தகம் அடிச்ச அதே வருசம். அடோபின்ர அடுத்த மென்பொருள் இன்டிசைன், 1999 இல வந்தது. பேஜ்மேக்கர் கோப்பை அது திறக்கும், ஆனால் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான். அதுக்குப் பிறகு வந்த பதிப்புகள் பீஎம்டியைக் கண்டால் கையை விரிச்சிடும். ஆகவே பழைய இன்டிசைன் இருக்கிற கடை ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தில இருந்து குருமன்காடு வரைக்கும் ஏறி இறங்கினம்.

அதில ஒரு சின்ன விசயம் இருக்கு. பேஜ்மேக்கரில ஒரு எழுத்துருவுக்குச் சாய்வு இல்லாட்டியும் 'ஐ' பொத்தானை அமத்தினால் அது நேரெழுத்தைப் பிடிச்சுச் சரிச்சுக் காட்டும். போலிச் சாய்வு. எங்களிட்ட இருந்த பாமினியில சாய்வுக்கென்று தனிக் கோப்பு இல்லை, 2004 இலும் இருந்திருக்காது. இன்டிசைன் இந்தப் போலி வேலையைச் செய்யாது. சாய்வு வேணுமென்றால் சாய்வான எழுத்துருவைக் கொண்டுவா என்று கேக்கும். இல்லாட்டி அந்த இடத்தை இளஞ்சிவப்பு நிறத்தில காட்டி, இந்த ஃபொன்ற் இல்லை என்று பட்டியல் போடும். பட்டியலில 'பாமினி, சாய்வு' என்று தனி வரி இருந்தது. அந்த வரிதான் ஆச்சிமாரின்ர ஒரே அடையாளம். அதைச் சாதாரண பாமினியால மாற்று என்று அமத்தினவுடன இளஞ்சிவப்பு மறைஞ்சுது. எங்களுக்குச் சந்தோசம்.

கோப்பைச் சேமிச்சு இன்டிசைன் வடிவத்தில வாங்கிக்கொண்டு வந்தம். கடையில இருந்த பீஎம்டிப் பிரதி "இனித் தேவையில்லைத்தானே" என்று அழிக்கப்பட்டது. சீடி? அது அண்டைக்கு வாசிச்சதோட சரி. பேந்து மூன்று கொம்பியூட்டரில போட்டுப் பார்த்தம், சுத்துற சத்தம் மட்டும் வந்தது. முதல் இரண்டு அத்தியாயத்தை மட்டும் சோதிச்சுப் பார்க்க முன்னமே ஒரு பென்ட்ரைவில போட்டிருந்தபடியால் அந்த இரண்டின்ர மூலக்கோப்பு தப்பினது. மூன்று தொடக்கம் ஐந்து வரை அச்சுப்பிரதி இருக்கு, பார்த்துப் பார்த்துச் சாய்க்கலாம். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது ஒரே நேரெழுத்து.

இது எங்கட பிழைதான். ஒன்பது கோப்பையும் பென்ட்ரைவில போட ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது.

ஆனால் எங்கட கவலையீனத்தோட கதை முடியிறதில்லை. தமிழ்க் கோப்புக்கு வடிவம் எண்டுறது ஆங்கிலக் கோப்பை விட எத்தினையோ மடங்கு முக்கியம். அதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. அதுக்குக் காரணம் பாமினி.

பாமினியில 'தமிழ்' என்று அடிச்சால் திரையில தமிழ் தெரியும். கொம்பியூட்டருக்கு உள்ள இருக்கிறது தமிழ் இல்லை. ஜே, கே, பீ, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். பாமினி என்ற எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடுப்புப் போட்டு விடுற ஒரு வித்தை. 'இலங்கை' என்றால் கமா, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப். உடுப்பைக் கழட்டினால் கமாவில தொடங்குற ஒரு சொல் நிக்கும். அதாவது ஆங்கிலத்தில எழுத்துரு என்பது தோற்றம். டைம்ஸ் போய் ஏரியல் வந்தாலும் சொல் அதே சொல். பாமினியில எழுத்துருதான் மொழி. எழுத்துரு போனால் தமிழே இல்லை. "ஃபோமற் போனால் போகட்டும், ரெக்ஸ்ற் இருக்கே" என்று சொல்லுறவைக்கு நாங்கள் சொல்லுறது: ரெக்ஸ்ற் இல்லை. ஃபோமற்தான் ரெக்ஸ்ற்.

இதை ஆரும் சதி செய்து கொண்டுவரேல்லை. 256 இடத்துக்குள்ள எழுத்தெல்லாம் அடக்க வேண்டிய காலத்தில, தட்டச்சு யந்திரத்தில பழகின விரலுக்கு ஏற்ற மாதிரி விசைகளை வைச்சு அதைச் செய்தவை பெரிய உபகாரம் செய்தவை. அதில்லாட்டி ஆசிரியரின்ர புத்தகமே வந்திருக்காது. தமிழ்நாட்டிலயும் இதே கதைதான். வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ என்று ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு உடுப்பு. எங்கட சிங்கள நண்பர்களிட்டக் கேட்டால் எஃப்எம் அபயா என்று அதே வருத்தத்தைச் சொல்லுவினம். இந்த நாட்டில எல்லாருக்கும் சமமாகக் கிடைச்ச ஒரு சில விசயங்களில இதுவும் ஒன்று.

ஆனால் அந்தக் காலம் எப்பவோ முடிஞ்சுது. யூனிகோட்டின்ர முதல் பதிப்பிலேயே, 1991 இலேயே, தமிழுக்குத் தனி இடம் இருந்தது. விண்டோஸ் 2000 இல லதா என்று ஒரு யூனிகோட் எழுத்துரு சும்மா வந்தது. இலங்கையில 2008 இல எஸ்எல்எஸ் 1326 என்று தமிழுக்கான தரநிலையே போட்டாச்சு. 2010 இல தமிழ்நாட்டு அரசும் யூனிகோட்டைத் தரமாக அறிவிச்சுது. இவ்வளவுக்கும் பிறகு, எங்கட கைக்கு வாற சஞ்சிகை அறிவித்தல்களில இன்னும் என்ன எழுதியிருக்கு? கட்டுரைகள் பாமினியில், எழுத்தளவு 12 இல் அனுப்பப்பட வேண்டும். கட்டுரை எழுதச் சொல்லுறது எதிர்காலத்துக்கு, அனுப்பச் சொல்லுறது ஆங்கில எழுத்தில. எங்கட ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுபொறியில தேடினால் ஏன் வராது என்று சேர்மார் கவலைப்படுகினம். வராது சேர். தேடுபொறிக்கு அது கமாவும் அரைப்புள்ளியும்.

பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. ஆகவே ஒரு தமிழ்ப் புத்தகம் பேஜ்மேக்கரை விட்டு வெளியில வாறதென்றால் இரண்டு இடப்பெயர்வு ஒரே நேரத்தில நடக்குது. மென்பொருள் மாறுது, குறிமுறையும் மாறுது. ஆங்கிலப் புத்தகத்துக்கு முதலாவது மட்டும்தான். இரண்டாவதில என்ன நடக்குமென்றால், எழுத்தைப் பிரதியெடுத்து, எழுத்துரு மாற்றிப் பெட்டிக்குள்ள ஒட்டி, பொத்தானை அமத்தி, வந்த யூனிகோட்டைத் திரும்ப எடுத்து ஒட்டுவம். சுரதாவின்ர பொங்குதமிழ், என்எச்எம் கன்வேர்ட்டர் என்று சும்மா கிடைச்ச செயலிகள் எங்கட சனத்துக்குச் செய்த உதவி கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள்ள போறது வெறும் எழுத்து. தடிப்பு, சாய்வு, உள்தள்ளல் ஒன்றும் போகாது. எது பாமினி, எது டைம்ஸ் என்ற செய்தியும் போகாது. அதால ஆங்கிலத்தையும் பாமினி என்று நினைச்சு மாற்றிவிடும். எங்கட புத்தகத்தின்ர முன்னுரையில உலக உணவுத் திட்டத்தின்ர பெயர் ஆங்கிலத்தில இருந்தது. முதல் இரண்டு சொல்லும் 'றுழசடன குழழன' என்று வந்து நிண்டது. நாங்கள் ஒரு கிழமையா ஒருத்தரை ஒருத்தர் "என்னடா றுழசடன" என்றுதான் கூப்பிட்டம். சிரிப்புத்தான். ஆனால் இதே மாதிரி ஒரு மருந்தின்ர பெயர், ஒரு காணியின்ர வரைபட இலக்கத்தில வாற ஆங்கில எழுத்து மாறினால் சிரிக்க ஏலாது.

இன்னொரு இடத்திலயும் அடி விழும். வேர்ட்டில இருந்து பிரதியெடுத்து இன்டிசைனில ஒட்டிப் பாருங்கோ. வடிவம் எல்லாம் போயிருக்கும். பழுது ஒன்றும் இல்லை. 'கிளிப்போர்ட்' அமைப்பில 'எழுத்து மட்டும்' என்பதுதான் முன்னிருப்பு. 'எல்லாத் தகவலும்' என்று நீங்களாக மாற்றினால்தான் வடிவம் வரும். அல்லது ஒட்டாமல், பிளேஸ் கட்டளையால கோப்பையே இறக்கி, வடிவத்தைப் பாதுகாக்கச் சொல்லித் தெரிவு செய்ய வேணும். ஆங்கிலம் எழுதுறவனுக்கு இது ஒரு வசதி, தேவையில்லாத ஃபொன்றெல்லாம் வராது. எங்களுக்கு அதே வசதி மொழியையே உரிஞ்சு எடுத்திடும். ஒட்டினவுடன ஆங்கிலக் கிறுக்கல் வரும், ஒப்பரேற்றர் முழுக்கத் தெரிவு செய்து பாமினி போடுவார், தமிழ் திரும்பி வந்திடும். அதோட உள்ளுக்குக் கிடந்த ஆங்கிலமும் தமிழாகி இருக்கும், தடிப்பும் சாய்வும் செத்திருக்கும். வந்தது தமிழ்தானே என்று எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவம்.

சரி, இதுக்கு எங்களிட்டச் சொல்லப்பட்ட மறுமொழிகள்.

"பீடிஎஃப் இருந்தால் போதும்" என்றவர் ஒருவர். பீடிஎஃப் பார்க்கப் போதும். பாமினியில செய்த பீடிஎஃப்பில ஒரு பாட்டைத் தேடிப் பாருங்கோ, ஒரு வரியைப் பிரதியெடுத்துப் பாருங்கோ. கமா, வை, கியூ. எங்கட ஆக்களின்ர பழைய புத்தகங்களை 2005 இல இருந்து நூலகம் நிறுவனம் ஸ்கான் செய்து இணையத்தில வைச்சிருக்கு. அதுக்கு நாங்கள் எத்தினை தரம் நன்றி சொன்னாலும் காணாது, எங்கட பாதி ஒப்படைகள் அங்க இருந்துதான் வந்தது. ஆனால் ஸ்கான் என்பது ஒரு படம். கண் தெரியாத ஒருத்தருக்கு அந்தப் படத்தைக் கொம்பியூட்டர் வாசிச்சுக் காட்டாது. மூலக்கோப்பு கையில இருக்கேக்க அதை எறிஞ்சுபோட்டு, அச்சடிச்சு, அச்சைப் படம் எடுத்து, படத்தில இருந்து திரும்ப எழுத்தை ஊகிக்கிறது என்ன விசர் வேலை?

"திருப்பி ரைப் பண்ணுங்கோவன்" என்றவர் இன்னொருவர். ரைப் பண்ணுறது ஆர்? அநேகமாக மாதம் சின்னச் சம்பளத்துக்குக் கடையில இருக்கிற ஒரு தங்கச்சி. ஒரு தரம் செய்த வேலையை அந்தப் பிள்ளையிட்டத் திரும்பச் செய்விக்கிறது ஒரு தீர்வு மாதிரிச் சொல்லப்படுது. அது போக, சாய்வு எங்க இருந்ததென்று திரும்ப ரைப் பண்ணினால் எப்பிடித் தெரியும்?

ஏஐ செய்யும் என்ற மறுமொழிக்கு நாங்கள் கொஞ்சம் மயங்கினது உண்மை. ஆறாம் அத்தியாயத்தின்ர ஒரு பக்கத்தைக் கொடுத்து, எது ஆச்சி எது ஆசிரியர் என்று பிரிக்கச் சொன்னம். தயங்காமல் பிரிச்சுத் தந்தது. பேச்சுத்தமிழ் எல்லாம் ஆச்சி, எழுத்துத்தமிழ் எல்லாம் ஆசிரியர். அச்சுப்பிரதி இருக்கிற மூன்றாம் அத்தியாயத்தில இதே சோதனையைச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தம். ஆசிரியரும் கனக்க இடத்தில ஆச்சி மாதிரிக் கதைச்சிருக்கிறார், அந்த ஊர் மனிசன்தானே. ஒரு ஆச்சி கதாப்பிரசங்கம் கேட்டு வளர்ந்தவ, செந்தமிழில போட்டுத் தள்ளுறா. இயந்திரம் இரண்டு பேரையும் இடம் மாத்திவிட்டுது. படிச்சவர் இப்பிடித்தான் கதைப்பார், படிக்காத கிழவி இப்பிடித்தான் கதைப்பா என்ற எங்கட சமூகத்தின்ர பழைய புத்தியை அது எங்களுக்கே திருப்பித் தந்தது.

ஒரு மறுமொழியை மட்டும் லேசாத் தள்ள ஏலாது. பிரஸ்காரர் சொல்லுறது: "தம்பி, யூனிகோட்டைப் போட்டால் கொம்பு உடையுது, வேலை நிக்குது." உண்மை. பழைய இன்டிசைனில தமிழ் யூனிகோட் உடைஞ்சுதான் வரும். சிஎஸ்6 இல, 2012 இலதான் இந்திய எழுத்துகளுக்கான ஒழுங்கு வந்தது. அதிலயும் 'வேர்ல்ட் ரெடி' கொம்போசரைப் போட்டால்தான் கொம்பு தன்ர இடத்தில நிக்கும். பந்திப் பெட்டியின்ர மூலையில ஒளிச்சு வைச்ச மாதிரி இருக்கிற ஒரு தெரிவு. இதைத் தெரியாமல் எத்தினை கடை யூனிகோட்டைக் கைவிட்டிருக்கும்? காசு கட்ட வழியில்லாட்டி ஸ்கிரைபஸ் இருக்கு, சும்மா கிடைக்கும். 2017 இல வந்த 1.5.3 பதிப்பில இருந்து தமிழ் அதில ஒழுங்கா அமையும். விரல் பழகினது பாமினிக்கு என்று சொல்லுறவை விரலை மாத்தத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை மாதிரிச் செயலிகளில பாமினி விசையமைப்பைத் தெரிவு செய்யலாம். அதே விரல், அதே விசை. உள்ளுக்குப் போறது யூனிகோட். இதை நாங்கள் ஒரு அக்காவுக்குப் போட்டுக் காட்டினம். பத்து நிமிசம் ரைப் பண்ணிப் பார்த்துப்போட்டு, "இதை ஏன் ஒருத்தரும் முன்னம் சொல்லேல்லை?" என்று கேட்டா. எங்களிட்ட மறுமொழி இல்லை. தகவல் தொழில்நுட்பம் என்று பள்ளிக்கூடத்தில படிச்ச ஆறு வருசத்தில எங்களுக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை.

முடியாத காரியமும் இல்லை. மியன்மாரில சனம் முழுக்க சோஜி என்ற பழைய எழுத்துருவிலதான் எழுதிக்கொண்டிருந்தது, எங்கட பாமினியை விட அங்க பிடி இறுக்கம். 2019 ஒக்ரோபர் முதலாந் திகதி என்று நாள் குறிச்சு யூனிகோட்டுக்கு மாறத் தொடங்கினவை. ஒரு நாளில எல்லாம் சரிவரேல்லைத்தான். ஆனால் ஒரு நாள் குறிச்சவை. எங்களுக்கு ஒரு திகதியும் இல்லை. கந்தோர் கந்தோரைப் பார்க்குது, கடை கந்தோரைப் பார்க்குது, நாங்கள் கடையைப் பார்க்கிறம்.

தப்பின இரண்டு அத்தியாயத்தை என்ன செய்தம் என்றும் சொல்ல வேணும், ஆருக்காவது உதவும். இந்தத் தரம் மிஸ்ஸிங் பெட்டியில ஒன்றையும் மாற்றேல்லை. இளஞ்சிவப்பாகவே விட்டம். பேந்து, தேடி மாற்றுற கட்டளையில 'சாய்வாக இருக்கிறதெல்லாம்' என்று தேடி, ஒவ்வொரு சாய்வுத் துண்டுக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு அடையாளம் வைச்சம். முதலில சதுர அடைப்புக்குறி போட்டம். மாற்றியில போட்டால் ஆச்சிமார் எல்லாரும் 'ஜ' என்று தொடங்கி 'ஸ' என்று முடிக்கினம். பாமினியில திறக்கிற சதுர அடைப்பு 'ஜ', மூடுற அடைப்பு 'ஸ'. கமா 'இ'. டொலர்க் குறி 'கூ'. பாமினி விட்டுவைச்ச குறி ஏதென்று தேடிப் பார்த்தால் இலக்கங்கள் தப்பியிருக்கு, ஒன்று ஒன்றுதான், ஏழு ஏழுதான். ஆகவே சாய்வு தொடங்குற இடத்தில 7001, முடியிற இடத்தில 7002. ஆங்கிலத் துண்டுகளை டைம்ஸ் என்று தேடி எடுத்துத் தனிப்பட்டியலில வைச்சு, அந்த இடத்தில 7101, 7102 என்று வரிசையாப் போட்டம். பிறகு மாற்றியில கொடுத்து யூனிகோட் எடுத்து, 7001 க்கும் 7002 க்கும் நடுவில இருக்கிறதுக்கு 'சொன்னவர் குரல்' என்று ஒரு எழுத்துப்பாணி வைச்சு, இலக்கத்தை எடுத்துவிட்டம். வெறும் சாய்வுப் பொத்தானை அமத்தேல்லை. பாணிக்குப் பெயர் இருந்தால் நாளைக்கு எந்த மென்பொருளுக்குப் போனாலும் அது ஆற்ற குரல் என்று தெரியும். ஐடிஎம்எல் வடிவத்திலயும் ஒரு பிரதி எடுத்து வைச்சிருக்கிறம், அதை வேற மென்பொருளாலயும் திறக்கலாம்.

என்டர் பிரச்சினைதான் ஆளைக் கொண்டது. 2004 இல ரைப் செய்தவர் ஒவ்வொரு வரி முடிவிலயும் என்டர் அமத்தியிருக்கிறார். பக்க அகலம் மாறினவுடன வசனங்கள் நடுவில நடுவில முறிஞ்சு நிக்கும். எல்லா என்டரையும் எடுப்பம் என்றால் பாட்டெல்லாம் உரைநடையாப் போயிடும். பாட்டில என்டர் பாட்டின்ர ஒரு பகுதி. உரைநடையில அது ரைப் செய்தவரின்ர பழக்கம். இரண்டுக்கும் உள்ளுக்கு ஒரே குறி. உள்தள்ளல் தப்பியிருந்ததால பிரிச்சம். அதுவும் போயிருந்தால் தாலாட்டும் விளக்கமும் ஒரே பந்தியாகிக் கிடந்திருக்கும்.

எங்கட கேள்வி பெரிசில்லை. புத்தகம் அடிக்கிறவர் காசு குடுக்கேக்க நூறு பிரதியோட மூலக்கோப்பையும் கேட்டு வாங்க வேணும். எழுத்துருவும் படமும் சேர்த்துப் பொதி செய்து தாற கட்டளை இன்டிசைனிலேயே இருக்கு. தரமாட்டம் என்று சொல்லுற கடையிட்டப் போகவேண்டாம். சஞ்சிகை நடத்துறவை பாமினி என்ற அந்த ஒரு வரியை அறிவித்தலில இருந்து வெட்ட வேணும். எங்கட துறை மாணவர் மலருக்கு இந்தத் தரம் அந்த வரியை வெட்டுவிக்க நாங்கள் நாலு கூட்டம் இருந்தம். நாலாவது கூட்டத்தில "சரி, இரண்டிலயும் அனுப்பலாம்" என்று முடிஞ்சுது. இரண்டிலயும்! இன்னும் சண்டை பிடிப்பம்.

ஆறாம் அத்தியாயத்தில இருந்து ஒன்பது வரைக்கும் ஆர் சொன்னதென்று சந்தேகமான இடங்களை எண்ணினம். நூற்றிப் பன்னிரண்டு. அச்சடிச்சுக்கொண்டு ஆசிரியரின்ர மகளிட்டப் போனம். அவ கண்ணாடியைப் போட்டு வாசிக்கேல்லை, எங்களை வாசிக்கச் சொல்லிப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. "இது அப்பா." "இது அப்பா இல்லை, அப்பா 'பாத்தியளோ' எண்டு சொல்லமாட்டார்." "இது பரமக்காவின்ர தாய், அவதான் எல்லாத்துக்கும் 'அந்த வருசம்' எண்டு தொடங்குவா." இரண்டு பின்னேரம் இருந்து எண்பத்தொன்பது இடத்தைப் பிரிச்சுத் தந்தா. மிச்சம் இருபத்துமூன்றுக்குத் தலையை ஆட்டினா, தெரியாது என்று.

அந்த இருபத்துமூன்றையும் நேரெழுத்தில விட்டு, பக்கத்தில ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறம். வட்டம் ஏனென்று முன்னுரையில எழுதியிருக்கிறம், ஆற்ற கவலையீனம் என்றும் எழுதியிருக்கிறம். இந்தத் தை மாதம் பிரஸ்ஸுக்குப் போகுது. பீஎம்டி என்று முடியிற கோப்போட உங்கட வீட்டில ஒரு சீடி கிடந்தால், அதைத் திறக்க முதல் பிரதி எடுங்கோ; பழைய இன்டிசைன் இருக்கிற கடை வவுனியாவில எதென்று எங்களுக்கு இப்ப தெரியும், நாங்களும் வாறம்.